லட்சத்தீவு மீனவர்களின் பிடி: அறுபது ஆண்டுக் கணக்கு சொல்வது என்ன?

(கட்சிக் கல்வி வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

2025 பிப்ரவரியில் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்ட ஒன்றிய நிதிநிலை அறிக்கையில் மீன்வளம் பற்றி ஓர் அறிவிப்பு இடம்பெற்றது. இந்தியாவின் தனிப் பொருளாதாரக் கடல் மண்டலத்திலும் அதற்கு அப்பாலுள்ள பெருங்கடலிலும் மீன்வளத்தைப் பயன்படுத்துவதற்கான சட்டகம் ஒன்று உருவாக்கப்படும். அந்தமான் நிக்கோபார், லட்சத்தீவு ஆகிய தீவுகளின்மீது தனிக் கவனம் செலுத்தப்படும் என்பதே அது. அதன் பின்னால் நிற்கும் வாதம் பழையது. லட்சத்தீவைச் சுற்றி நான்கு லட்சம் சதுர கிலோமீட்டர் கடல் இந்தியாவுக்கு உரியதாக இருக்கிறது, அதிலிருந்து ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் மீன் எடுக்கலாம், தீவு மக்கள் எடுப்பதோ அதில் ஒரு சிறு பகுதி, எஞ்சியது வீணாகிறது, ஆகவே மூலதனம் வரவேண்டும்.

இவ்வளவு பெரிய வாதம் ஒரே ஓர் எண்ணின்மீது நிற்கிறது. ஆண்டின் மொத்தப் பிடி எத்தனை டன் என்பதே அந்த எண். அதைக் கடந்த அறுபது ஆண்டுகளோடு சேர்த்துப் படித்தால் வேறொரு செய்தி கிடைக்கிறது. தீவு மீனவர் குறைவாகப் பிடிப்பது அவர்களுடைய இயலாமை அல்ல, அந்தக் கடலோடு அவர்கள் கொண்ட பொருளாதார உறவின் அளவு என்பதும், அந்த உறவைக் குலைக்கும் ஆற்றல்கள் தீவுக்கு வெளியிலிருந்தே வருகின்றன என்பதும் அந்தச் செய்தியின் சாரம்.

கயிற்றிலிருந்து சூரைக்கு

லட்சத்தீவில் மக்கள் வாழும் தீவுகள் பத்து. எல்லாத் தீவுகளின் நிலப்பரப்பையும் கூட்டினாலும் 32 சதுர கிலோமீட்டர்தான். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 64 ஆயிரத்துச் சொச்சம். நிலம் இவ்வளவே ஆயினும், பவளப் பார்கள் வளைத்து நிற்கும் அமைதியான நீர்ப்பரப்பு, அதாவது காயல், 4,200 சதுர கிலோமீட்டர் விரிந்து கிடக்கிறது. தீவுகளுக்கு அடித்தளமும் அலைதடுப்புச் சுவரும் அந்தப் பார்களே.

மீன் வளம் மிகுந்த இந்தத் தீவுகளின் பழைய பொருளாதாரம் மீனை மையமாகக் கொண்டிருக்கவில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். நூற்றாண்டுக் கணக்கில் தீவுகளின் வாணிபப் பொருள் தென்னங்கயிறு. கண்ணூர் அலி ராஜாக்களும், அவர்களுக்குப் பின் ஆங்கிலேயக் கம்பெனியும் கயிற்று வாணிபத்தை ஏகபோகமாக வைத்திருந்தனர். தீவுப் பெண்கள் முறுக்கிய கயிற்றுக்கு ஈடாக அரிசி கொடுக்கப்பட்டது. விலையை நிர்ணயித்தவர்கள் கரையில் இருந்தார்கள். மீன் பெரும்பாலும் வீட்டுத் தேவைக்கே பிடிக்கப்பட்டது.

இதற்கு விதிவிலக்கு தெற்கேயுள்ள மினிக்காய். மாலத்தீவின் மொழிக்கு நெருங்கிய மஹல் மொழி பேசும் இத்தீவினர், 'மாஸ் ஓடி' என்னும் பாய்மரப் படகில் சென்று கழித்தூண்டிலால் சூரை பிடிப்பதில் தேர்ந்தவர்கள். காயலில் சிறு இரைமீன்களை வலையால் பிடித்து, படகின் தொட்டியில் உயிருடன் வைத்துக்கொண்டு ஆழ்கடலுக்குச் செல்வார்கள். சூரைக் கூட்டத்தைக் கண்டதும் இரைமீனை வீசி, கூட்டத்தைப் படகோரமாக நிறுத்தி, எதிர்முள் இல்லாத தூண்டிலால் ஒவ்வொரு மீனாகத் தூக்கிப் படகுக்குள் எறிவார்கள். வயிற்றில் கருங்கோடுகள் ஓடும் சூரையே இதில் முதன்மை; மஞ்சள்துடுப்புச் சூரை அடுத்தது. வேறு மீனோ, ஆமையோ, கடற்பறவையோ இம்முறையில் சிக்கி அழிவது மிக அரிது.

1956 நவம்பர் 1 அன்று தீவுகள் யூனியன் பிரதேசமாயின. 1959இல் மீன்வளத் துறை தொடங்கப்பட்டது. 1960களின் தொடக்கத்தில் விசைப்படகுகள் வந்தன. அரசு படகு கட்டும் தளங்களை அமைத்தது. மீனவர்களுக்குத் தவணை முறையில் படகுகளை வழங்கியது. மினிக்காயின் கழித்தூண்டில் முறையை அகத்தி முதலிய பிற தீவினர் கற்றுக்கொண்டனர். 1969இல் மினிக்காயில் சூரையை டப்பாவில் அடைக்கும் தொழிற்சாலை ஒன்றையும் அரசு நிறுவியது.

விளைவு கண்கூடு. 1960களின் தொடக்கத்தில் ஆண்டுக்குச் சில நூறு டன்னாக இருந்த பிடி, நூற்றாண்டின் இறுதிக்குள் பத்தாயிரம் டன் அளவை எட்டியது. இந்த வளர்ச்சியைத் தனியார் மூலதனம் கொண்டுவரவில்லை. மக்களிடம் இருந்த தொழிலறிவும் திட்டமிட்ட பொது முதலீடும் சேர்ந்து இதைக் கொண்டுவந்தன. தாராளமயக் காலத்தில் வளர்ந்த தலைமுறை மறந்துபோன பாடம் இது.

மொத்தப் பிடி மறைப்பது

ஏறிச் செல்லும் இந்தக் கோட்டைக் கண்டு மகிழ்வதோடு நின்றுவிடலாகாது. மொத்தப் பிடி என்பது கடலில் உள்ள மீனின் அளவை நேராகக் காட்டுவதில்லை. எத்தனை படகுகள், எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம், எவ்வளவு டீசல் என்பவற்றோடு வைத்தே அதைப் படிக்க வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கு. பத்துப் படகுகள் ஒரு நாளில் ஐந்து டன் பிடித்தன என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்தாண்டு கழித்து இருபது படகுகள் ஏழு டன் பிடிக்கின்றன. அரசு ஏட்டில் பிடி 40 விழுக்காடு உயர்ந்திருக்கிறது. படகுக் கணக்கிலோ 500 கிலோ 350 கிலோவாக இறங்கியிருக்கிறது. அதாவது 30 விழுக்காடு சரிவு. அந்த 350 கிலோவைப் பிடிக்க முன்பைவிட இரு மடங்கு தூரம் ஓட வேண்டியிருந்தால், டீசல் செலவு கழிந்தபின் பங்கிட எஞ்சுவது இன்னும் குறைவு. தீவுகளில் கூலி என்பது பெரும்பாலும் பங்கு. செலவைக் கழித்துப் படகுக்கு ஒரு பங்கு, எஞ்சியது உழைத்தவர்களுக்கு. ஆகவே எரிபொருள் விலை உயரும்போது முதலில் தேய்வது தொழிலாளியின் பங்கே. ஏட்டில் வளர்ச்சியும் அடுப்பங்கரையில் வறட்சியும் ஒரே ஆண்டில் நிகழ முடியும்.

இன்னொரு மறைப்பு தலைமுறைகளுக்கு இடையில் நிகழ்கிறது. மீன்வள அறிஞர் டேனியல் பாலி 1995இல் இதைச் சுட்டிக்காட்டினார். ஒவ்வொரு தலைமுறையும் தன் இளமையில் கண்ட கடலையே இயல்பான கடலாகக் கொள்கிறது. அதற்கு முன் நிகழ்ந்த இழப்பு அதன் கணக்கில் சேர்வதில்லை என்றார் அவர். எனவேதான் நெடுங்காலப் பதிவு தேவைப்படுகிறது. லட்சத்தீவில் அண்மைக் காலமாக மீனவர்களே தம் பயணம், இரைமீன், பிடி ஆகியவற்றைக் குறித்துவைக்கும் முயற்சிகள் நடந்து வருகின்றன. உற்பத்தியாளரே தம் உற்பத்தியின் கணக்கை எழுதுவது அறிவியலுக்குப் பயன்படுவது மட்டுமன்று. பேச்சுவார்த்தை மேசையில் அவர்கள் கையிலிருக்கும் ஆயுதமும் அதுவே.

இரைமீனும் பவளமும்

கழித்தூண்டில் மீன்பிடிப்பின் உயிர்நாடி இரைமீன். விரல் நீளமே உள்ள அந்தச் சிறு மீன்கள் காயலிலும் பவளக் கிளைகளுக்கு இடையிலும் வாழ்கின்றன. ஆழ்கடலில் சூரை எவ்வளவு இருந்தாலும் காயலில் இரைமீன் இல்லையென்றால் படகு கரையிலேயே நிற்கும். ஆக, ஆழ்கடல் பிடியின் அளவைக் காயலின் நலமே தீர்மானிக்கிறது. "ஒரு லட்சம் டன் எடுக்கலாம்" என்று எழுதும் அதிகாரிகளின் கணக்கில் இந்த உறவு இடம்பெறுவதில்லை.

அந்தக் காயலின் நிலை என்ன? 1998, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல்நீர் அளவுமீறிச் சூடேறியதால் லட்சத்தீவின் பவளங்கள் பெருமளவில் வெளுத்து மடிந்தன. அகத்தி, கட்மத், கவரத்தி ஆகிய தீவுகளில் ஆய்வாளர்கள் 24 ஆண்டுகள் தொடர்ந்து எடுத்த அளவீடுகளின்படி, உயிருள்ள பவளத்தின் பரப்பு 1998இல் சுமார் 37 விழுக்காடாக இருந்து 2022இல் சுமார் 19 விழுக்காடாகச் சுருங்கியிருக்கிறது. ஒரு தலைமுறைக் காலத்தில் பாதி போய்விட்டது. வெப்பமயமாதலுக்குத் தீவு மீனவர் அளித்த பங்கு எண்ணிப் பார்க்கத் தக்கதன்று. அதன் விலையைக் கொடுப்பவர்களுள் அவர்கள் முன்வரிசையில் நிற்கிறார்கள்.

இரைமீன் அரிதாகும்போது படகுகள் அயல் பார்களைத் தேடி ஓடுகின்றன. அகத்தி மீனவர் பெருமாள் பாருக்கும், கவரத்தி மீனவர் சுஹேலிக்கும் செல்கிறார்கள். தூரம் கூடக் கூட டீசல் கூடுகிறது. ஒரே பாரில் பல தீவினர் கூடும்போது உரசலும் எழுகிறது.

இயற்கைக்குள் நிகழும் மாற்றங்களும் எளிமையானவை அல்ல. அகத்திக் காயலில் பச்சை ஆமைகள் பெருகி, கடற்புல் வெளிகளை மேய்ந்து தீர்த்தன. கடற்புல் போனதும் அதில் வளரும் மீன்களும் குறைந்தன. ஆமைகளின்மீது மீனவரின் சினம் திரும்பியது. புல் தீர்ந்தபின் ஆமைகள் வேறு தீவுகளின் காயல்களுக்கு நகர்ந்தன. ஆமையைக் காப்பது சட்டத்தின் கடமை என்றால், அதனால் பிடி இழக்கும் குடும்பத்தைக் காப்பதும் அரசின் கடமையே. மீனவரை இயற்கையின் எதிரியாகச் சித்தரிக்கும் பாதுகாப்புக் கொள்கை எங்கும் வென்றதில்லை.

சூரை பாரைக் காத்தது

அறுபதாண்டுக் கணக்கில் அதிகம் பேசப்படாத ஒரு செய்தி உண்டு. அரசு சூரை மீன்பிடிப்பை ஊக்குவித்ததால் மீனவரின் கவனம் ஆழ்கடலை நோக்கித் திரும்பியது. பார்களில் வாழும் மீன்கள்மீது அழுத்தம் குறைந்தது. மழைக்காலத்தில் கடல் கொந்தளிக்கும் மாதங்களில் வீட்டுச் சமையலுக்காகப் பிடிப்பதோடு பார்மீன் பிடிப்பு பெரும்பாலும் நின்றது. பாசியை மேயும் கிளிமீன் போன்றவை பெருகி இருந்ததால், 1998 பேரழிவுக்குப் பின் பவளம் மீண்டும் படர இடம் கிடைத்தது. இந்தியப் பெருங்கடலின் வேறு பல பகுதிகளைவிட லட்சத்தீவின் பார்கள் விரைவாக மீண்டதற்கு இதையும் ஒரு காரணமாக ஆய்வாளர்கள் கூறுகிறார்கள்.

கடந்த பத்தாண்டுகளில் இந்தச் சமன் குலையத் தொடங்கியுள்ளது. சூரையின் வருவாய் நிலையற்றதாகும்போது, களவா முதலிய பார்மீன்களை ஏற்றுமதிக்காக வாங்கும் வணிகர்கள் வருகிறார்கள். ஐஸ் வருகிறது, முன்பணம் வருகிறது. கடன்பட்ட படகுக்காரருக்கு அது மறுக்க முடியாத அழைப்பு. ஆனால் களவா மெதுவாக வளரும் மீன்; குறிப்பிட்ட இடத்தில், குறிப்பிட்ட நாட்களில் கூட்டமாகக் கூடி முட்டையிடும். பித்ரா தீவை ஒட்டி அத்தகைய பெருங்கூட்டம் ஒன்று ஆய்வாளர்களால் பதிவு செய்யப்பட்டுள்ளது. அந்தச் சில நாட்களில் அங்கே பிடித்தால், பல ஆண்டுகளின் வருங்கால மீனைப் பிடித்ததாகும்.

சங்கிலி தெளிவாகத் தெரிகிறது. சூரை தளர்ந்தால் பார்மீன்மீது அழுத்தம். பார்மீன் குறைந்தால் பவளம் மீள்வது தடைப்படும். பவளம் மீளாவிட்டால் இரைமீன் இல்லை. இரைமீன் இல்லாவிட்டால் சூரையும் இல்லை. இறுதியில் அலையைத் தடுக்கும் சுவரும் இல்லை.

சுருக்குமடியின் பேராட்சி

சூரை ஏன் தளர்கிறது? அது எல்லை அறியாத மீன். லட்சத்தீவில் கழித்தூண்டிலுக்கு வரும் கூட்டம், மேற்கே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தொலைவில் ஆலைக் கப்பல்களின் வலைக்கும் இலக்காகிறது. 1980களிலிருந்து ஸ்பெயின், பிரான்ஸ் நாடுகளின் மாபெரும் சுருக்குமடிக் கப்பல்கள் மேற்கு இந்தியப் பெருங்கடலில் இயங்குகின்றன. மின்னணுக் கருவி பொருத்திய மிதவைகளைக் கடலில் விட்டு, அவற்றின் அடியில் மீன் கூடுவதைச் செயற்கைக்கோள் வழியாக அறிந்து, குஞ்சோடு குருமானோடு வளைத்து எடுப்பது அவற்றின் முறை. தமிழ்நாட்டுக் கரையில் சுருக்குமடிக்கு எதிராக நாட்டுப்படகு மீனவர் நடத்தும் போராட்டத்தை அறிந்தவர்களுக்கு இதன் தன்மையை விளக்க வேண்டியதில்லை.

1996இல் நடைமுறைக்கு வந்த இந்தியப் பெருங்கடல் சூரை மீன் ஆணையம், 2016இல் சூரைக்கான பிடி விதி ஒன்றை வகுத்தது. அதன்படி 2018 முதல் 2020 வரை ஆண்டுக்கு 4,70,029 டன் என வரம்பு வைக்கப்பட்டது. 2018இல் பிடிக்கப்பட்டதோ ஆறு லட்சம் டன்னைத் தாண்டியது. 2023இல் மிதவைகளைக் கட்டுப்படுத்தும் தீர்மானம் ஆணையத்தில் நிறைவேறியது. ஐரோப்பிய ஒன்றியம் மறுப்புத் தெரிவித்துத் தன்னை அதிலிருந்து விலக்கிக்கொண்டது. லட்சத்தீவின் மொத்தப் பிடி இந்தப் பெருங்கடல் கணக்கில் நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கைத் தாண்டாது. குறைவாக எடுப்பவரிடம் "இன்னும் எடு, இல்லையேல் பிறருக்கு வழிவிடு" என்று சொல்லும் நியாயம் எங்கிருந்து வருகிறது?

மாசியின் விலை

பிடித்த மீனின் விலையும் மீனவர் கையில் இல்லை. சூரையை வேகவைத்து, புகையூட்டி, வெயிலில் உலர்த்தினால் கிடைப்பது மாசி. நான்கைந்து கிலோ பச்சை மீனிலிருந்து ஒரு கிலோ மாசி தேறும். தென் தமிழகக் கடலோரத்திலும் இலங்கையிலும் சம்பலுக்கும் குழம்புக்கும் சேர்க்கும் அந்த மாசிதான். வேகவைப்பதிலும் உலர்த்துவதிலும் பெண்களின் உழைப்பு அடங்கியிருக்கிறது. சரக்கு மங்களூர், கோழிக்கோடு, தூத்துக்குடி வழியாகச் சென்று, பெரும்பகுதி இலங்கைச் சந்தையை அடைகிறது.

ஐஸ் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் போதாத தீவில் பச்சை மீனை வைத்திருக்க முடியாது. மாசியாக்கித்தான் ஆக வேண்டும். மாசியை வாங்குபவர் சிலரே. கொழும்பில் இறக்குமதிக் கெடுபிடி வந்தாலும், செலாவணி நெருக்கடி வந்தாலும், அதன் அடி அகத்தியின் உலர்களத்தில் விழுகிறது. கயிற்றுக்கு அரிசி தந்த காலத்தின் ஏகபோகம் வடிவம் மாறி நிற்கிறது. பிடியின் டன் கணக்கு ஏறிய ஆண்டில் மீனவரின் வருவாய் இறங்கலாம் என்பதற்கு இது இரண்டாவது காரணம்.

கொள்கையின் வர்க்கச் சார்பு

1991இல் புதிய ஆழ்கடல் மீன்பிடிக் கொள்கை வெளிநாட்டுக் கப்பல்களுக்குக் கூட்டு முயற்சி என்ற பெயரில் கதவு திறந்தது. நாடெங்கும் மீனவர் இயக்கங்கள் வேலைநிறுத்தம் செய்தன. முராரி குழு அமைக்கப்பட்டு, 1996இல் அந்த உரிமங்களை நீக்கப் பரிந்துரைத்தது. 2014இல் மீனாகுமாரி குழு அறிக்கை மீண்டும் அதே திசையில் சென்றபோது கடலோரம் மீண்டும் எழுந்தது. வெளிநாட்டுக் கப்பல்களுக்கான அனுமதிக் கடிதத் திட்டம் 2017இல் கைவிடப்பட்டது. ஒவ்வொரு பின்வாங்கலும் போராட்டத்தால் நிகழ்ந்தது.

2025 நவம்பரில் வெளியிடப்பட்ட புதிய விதிகள் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மீனவர் உற்பத்தியாளர் அமைப்புகளுக்கும் முன்னுரிமை என்கின்றன. சொல் வரவேற்கத்தக்கது. ஆனால் அதே விதிகள் முன்வைக்கும் தாய்க்கப்பல் முறையில், நடுக்கடலில் மீனை வாங்கும் தாய்க்கப்பல் யாருடையது, விலையை யார் நிர்ணயிப்பார் என்பதே கேள்வி. பெயர்ப்பலகையில் கூட்டுறவும் கணக்கேட்டில் பெருநிறுவனமும் இருப்பதை நாட்டின் பல துறைகள் கண்டிருக்கின்றன.

தீவு மக்களுக்குச் சொந்தமாக ஒரு சட்டமன்றம் இல்லை என்பதையும் மறக்கலாகாது. 2020 டிசம்பரில் பொறுப்பேற்ற நிர்வாகியின் காலத்தில், 2021இல் கடற்கரையில் மீனவர் படகும் வலையும் வைத்திருந்த கொட்டகைகள் இடிக்கப்பட்டன. நிலத்தை எளிதில் கையகப்படுத்த வழிசெய்யும் வரைவுச் சட்டம் வந்தது. மீன்பிடிப் படகுகளில் அரசு ஊழியரை ஏற்றிக் கண்காணிக்கும் ஆணைகூடப் பிறப்பிக்கப்பட்டு, எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. 2021 மே 31 அன்று கேரள சட்டமன்றம் ஒருமனதாகத் தீர்மானம் இயற்றித் தீவு மக்களோடு நின்றது. கரையில் கொட்டகைக்கு இடமில்லாத மீனவருக்கு நடுக்கடலில் உரிமை உண்டு என்பது வெறும் தாள் உரிமை.

உழைப்பவருக்குள் மோதல் வேண்டாம்

தமிழ்நாட்டோடு நேரடித் தொடர்புள்ள சிக்கல் ஒன்றும் உண்டு. குமரி மாவட்டத்தின் தூத்தூர் வட்டார ஆழ்கடல் மீனவர் நெடுங்காலமாக லட்சத்தீவுக் கடலில் தூண்டிலும் வலையும் இட்டு வருகிறார்கள். 2017 ஒக்கிப் புயல் குமரி மீனவரைக் கொன்று குவித்தது. அதே புயல் மினிக்காயையும் கல்பேனியையும் தாக்கியது. இரு சாராரும் உழைப்பாளிகள். பிடி குறையும் காலத்தில் ஒருவரை ஒருவர் திருடர் எனக் குற்றம் சாட்டுவது எளிது. அது பெருங்கப்பல்களுக்கே பயன்படும். காயலுக்கும் பார்களுக்கும் அருகே தீவினரின் உரிமையை மதித்து, அதற்கு வெளியே முறைகளையும் பருவங்களையும் பேசி முடிவு செய்யும் பொறுப்பு இரு தரப்பு மீனவர் சங்கங்களுக்கும் உண்டு. அத்தகைய பேச்சுக்கு வழிசெய்வது இடதுசாரி இயக்கத்தின் கடமை.

முன்வைக்க வேண்டிய கோரிக்கைகள்

முதலாவதாக, மொத்த டன் கணக்கோடு, பயணம் ஒன்றுக்கு எவ்வளவு பிடி, எவ்வளவு டீசல், எவ்வளவு இரைமீன் என்பதைத் தீவுவாரியாக அரசு ஆண்டுதோறும் மக்கள் மொழியில் வெளியிட வேண்டும். மீனவரே எழுதும் பதிவுகளுக்கு அதில் அங்கீகாரம் வேண்டும்.

இரண்டாவதாக, இரைமீன் பிடிக்கும் இடம், காலம், முறை ஆகியவற்றை முடிவு செய்யும் அதிகாரம் தேர்ந்தெடுக்கப்பட்ட பஞ்சாயத்துகளுக்கும் மீனவருக்கும் உரியதாக வேண்டும். பார்மீன் முட்டையிடக் கூடும் இடங்களில் அந்நாட்களில் ஏற்றுமதிக்கான பிடிப்பு நிறுத்தப்பட்டு, வருவாய் இழப்பவருக்கு ஈடு வழங்கப்பட வேண்டும்.

மூன்றாவதாக, 1960களில் படகு தந்த அரசு இன்று ஐஸ் ஆலையும் குளிர்பதனக் கிடங்கும் தர வேண்டும். மாசிக்கு அடிப்படை விலையும் அரசுக் கொள்முதலும் வேண்டும். சிறு படகுகளுக்கு எரிபொருள் மானியம் வேண்டும்.

நான்காவதாக, தீவுகளைச் சூழ்ந்த கடல் கழித்தூண்டிலுக்கும் கைத்தூண்டிலுக்கும் உரியதாகச் சட்டப்படி ஒதுக்கப்பட வேண்டும். சுருக்குமடிக்கும் பெருநிறுவனக் கப்பலுக்கும் எப்பெயரிலும் அங்கே அனுமதி கூடாது. சூரை மீன் ஆணையத்தில் இந்தியா கடலோர நாடுகளோடு சேர்ந்து மிதவைகளுக்கும் அளவுமீறிய பிடிக்கும் எதிராக உறுதியாக நிற்க வேண்டும்.

தோழர்களே, ஒரு தூண்டிலுக்கு ஒரு மீன் என்ற முறையால் அறுபதாண்டுகள் உணவும் வருவாயும் ஈட்டி, கடலையும் பெருமளவு காத்து வந்த மக்களின் உழைப்பை 'பயன்படுத்தப்படாத வளம்' என்று பெயரிட்டு ஏலம் விடும் முயற்சி நடக்கிறது. அடுத்த முறை "ஒரு லட்சம் டன்" என்ற எண்ணைக் கேட்கும்போது கட்சி உறுப்பினர்கள் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும்: எத்தனை படகுக்கு, எவ்வளவு செலவில், யாருடைய பங்காக? இந்தக் கேள்விகளை மீனவர் குடியிருப்புகளுக்கும் தொழிற்சங்கக் கூட்டங்களுக்கும் எடுத்துச் செல்வது உடனடிப் பணி.